இரண்டு பேர், ஒரு கூடாரம்: முதல் மலை வாரஇறுதிக்கு ஒரு வழிகாட்டி

ஏலகிரியில் எங்கள் முதல் கூடார இரவு. மணி இரண்டு இருக்கும். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பக்கத்தில் கணவரும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். அவர் தூங்குகிறார், எழுப்பிவிடக் கூடாது என்று நானும், நான் தூங்குகிறேன் என்று அவரும் அசையாமல் குளிரில் விறைத்துக் கிடந்தோம். காலையில் தேநீர் குடிக்கும்போதுதான் உண்மை வெளியே வந்தது. முந்தைய நாள் மலை ஏறியதில் எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. தரையில் படுத்ததுதான் எங்களை வீழ்த்தியது.

புதிதாகத் தொடங்கும் தம்பதிகள் எங்களிடம் கேட்பதெல்லாம் மலையைப் பற்றித்தான். எந்த மலை, எத்தனை அடி, எவ்வளவு நேரம் ஆகும் என்பார்கள். இரவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கிவிடுவேன். கீழே இருப்பது சென்னையிலிருந்து புறப்படும் இருவருக்கான வரிசை. மதுரை, கோவைக்காரர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

முதலில் ஒரு தெளிவு: காட்டுக்குள் கூடாரம் கிடையாது

படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் மனத்தில் ஒரு காட்சி வைத்திருப்பார்கள்: மலை உச்சியில் தனியாக ஒரு கூடாரம், பக்கத்தில் நெருப்பு. தமிழ்நாட்டில் காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நெருப்பு மூட்டுவது இன்னும் பெரிய குற்றம். இதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வாரஇறுதிக்கு வந்தவர்கள்தான் அங்கே காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ கீழிருந்து மேலாக ஓடும்போது மனிதக் கால்களால் அதை முந்த முடியாது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதே ஆண்டில் வந்தன.

ஆகவே நடைமுறை இதுதான். பகலில் அனுமதியுள்ள தடத்தில் நடக்க வேண்டும். இரவில் காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில் இருக்கும் கூடாரத் தோட்டத்தில் படுக்க வேண்டும். நடப்பதற்கு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு செய்தால், அந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் கூட வருவார். எளிது, நடுத்தரம், கடினம் என்று தடங்களைப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் அலுவலகத்தில் மாடிப்படி ஏறுகிறவராகவே இருந்தாலும் முதல் தடவை ‘எளிது’ என்பதைத் தாண்டிப் பார்க்க வேண்டாம்.

காலமும் முக்கியம். பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீப் பருவம், தடங்களை மூடிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. சென்னைப் பக்கத்து மலைகளுக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை உள்ள எட்டு வாரங்கள்தான் தங்கமான நாட்கள். அதற்குள் பொங்கல் விடுமுறை வேறு வந்து எல்லா இடத்தையும் நிரப்பிவிடும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்: செஞ்சியில் ஒரு ஒத்திகை

கூடாரம் வாங்குவதற்கு முன், ஏன், பை வாங்குவதற்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய் வாருங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பஸ் திண்டிவனம் வழியாகச் செஞ்சியில் நிற்கும். சென்னை நகரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். இவற்றில் ராஜகிரி சுமார் 800 அடி உயரம், பெரும்பகுதி படிகள், உச்சிக்கு அருகே ஒரு பிளவைக் கடக்கும் பாலம். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. காலையிலேயே ஏறத் தொடங்கிவிடுங்கள். வெயிலுக்கும் நல்லது, பிற்பகல் தாமதமானால் மேலே விடவும் மாட்டார்கள். கையில் உணவுப் பொட்டலம் தெரிந்தால் குரங்குகள் சுங்கம் வசூலித்துவிடும்.

இந்த ஒத்திகையில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, உங்கள் வேகம். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், 600 மீட்டர் உயரம் ஏற இன்னொரு மணி நேரம், இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். செஞ்சியில் எங்கள் கைப்பேசி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் என்று காட்டியது. உயரம் 240 மீட்டர். கணக்குப்படி 48 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். எங்களுக்கு ஆனது 72 நிமிடம். அதாவது நெய்ஸ்மித்தை ஒன்றரையால் பெருக்கினால் நாங்கள். ஸ்காட்லாந்துக் குளிர்காற்றில் நடந்தவருக்கும் விழுப்புரம் மாவட்டத்து வெயிலில் நடப்பவருக்கும் அந்த அளவு வித்தியாசம் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு உரிய பெருக்கல் எண் ஒன்று கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எந்த மலைக்கும் அதுதான் அளவுகோல்.

இரண்டாவது, யார் முன்னால் நடப்பது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் வீட்டில் பெரிய சண்டைகள் எல்லாம் இதில்தான் தொடங்கின. வேகமாக நடப்பவர் முன்னால் போவார். ஒரு திருப்பத்தில் நின்று காத்திருப்பார். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், தான் ஓய்வெடுத்துவிட்டதால் உடனே கிளம்பிவிடுவார். காத்திருந்தவருக்கு ஐந்து நிமிட ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. தீர்வு எளிது: மெதுவாக நடப்பவர் எப்போதும் முன்னால். அவர் நின்றால் இருவரும் நிற்க வேண்டும். எங்களில் மெதுவாக நடப்பவர் நான் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

மூன்றாவது, காலணி. கணவர் நான்கு ஆண்டுகளாக அலமாரியில் பெட்டிக்குள் வைத்திருந்த, அதிகம் அணியாத மலையேற்ற ஷூவைச் செஞ்சிக்குப் போட்டு வந்தார். பாதி வழியில் இடதுகால் அடிப்பகுதி வாய் பிளந்தது; இறங்கும்போது வலதும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட ஷூக்கள், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்திலேயே மெல்ல உதிர்ந்துபோகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? என் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். புது ஷூ வாங்கினால் அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் மோதாது. வாங்கிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் கடைக்கும் ரேஷனுக்கும் அதிலேயே போய் வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்: இடமும் கேள்விகளும்

முதல் இரவுக்கு நான் சொல்வது ஏலகிரி. பெரிய மலைக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது ஆட்டோ, ஏதாவது பிசகினால் ஒரு மணி நேரத்தில் கீழே மருத்துவமனை. புதியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பீடபூமி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேல் நிற்கும் சுவாமிமலை சுமார் 1,300 மீட்டர். (கும்பகோணத்துச் சுவாமிமலையோடு குழப்பிக்கொண்டு, தகப்பன்சாமி தரிசனமா என்று கேட்காத உறவினர் எங்களுக்கு இல்லை.) மங்கலம் கிராமத்திலிருந்து ஏறினால் 300 மீட்டர்தான் ஏற்றம். ஒரு வழி 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நெய்ஸ்மித்துக்கு 66 நிமிடம். எங்களுக்கு 100 நிமிடம்.

கூடாரத் தோட்டம் தேர்வு செய்யும்போது படங்களை நம்பாதீர்கள். எல்லாப் படத்திலும் அதே மஞ்சள் விளக்குச் சரம்தான் தொங்கும். தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். இடம் பட்டா நிலமா? மொத்தம் எத்தனை கூடாரம்? கழிப்பறை எத்தனை அடி தூரம், இரவில் அங்கே விளக்கு எரியுமா? கூடாரம் மண்ணில் போடப்படுமா, சிமெண்ட் தளத்திலா? இரவு ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும்? கடைசிக் கேள்விக்கு, ‘அதெல்லாம் ஜாலியாக இருக்கும் மேடம்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். நாங்கள் ஒரு தடவை அந்தப் பதிலை அலட்சியம் செய்துவிட்டு, அதிகாலை ஒரு மணிவரை முன்பின் தெரியாத ஒரு இளைஞரின் பிறந்தநாளைக் கொண்டாட நேர்ந்தது.

இருவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். அசல் ஒன்று, நகல் ஒன்று என்று இருவரும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்வு செய்யும்போது நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். அமாவாசைக்கு அருகில் உள்ள சனிக்கிழமை என்றால் வானம் முழுக்க நட்சத்திரம். ஏலகிரிக்குக் கிழக்கே உள்ள ஜவ்வாது மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். வானாய்வாளர்கள் தேடி வந்து அமர்ந்த வானத்தின் பக்கத்து வானம் இது என்று நினைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் குளிர்கூடக் கொஞ்சம் குறைவது போல இருக்கும். டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி வாரஇறுதி அமைந்தால் ஜெமினிட் எரிகற்பொழிவும் கிடைக்கும்.

ஒரு வாரத்துக்கு முன்: வீட்டு ஹாலில் ஒரு இரவு

நான் சொல்லும் படிகளில் இதைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள். இதைத்தான் தவிர்க்கவே கூடாது.

முதல் பயணத்துக்குக் கூடாரம் வாங்க வேண்டியதில்லை, தோட்டத்துக்காரர்களே தருவார்கள். படுக்கை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். டிசம்பரில் சென்னை இரவு 22 டிகிரி என்றால் ஏலகிரியில் 15, தெளிந்த வானம் என்றால் இன்னும் கீழே. எண்ணாகப் பார்த்தால் பயமாக இல்லை. ஆனால் குளிர் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கீழே மெல்லிய விரிப்பு ஒன்றில் படுத்தோம். உடம்பின் சூட்டை மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஸ்லீப்பிங் பேக் இருந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிப்போய் எந்தப் பயனும் தராது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பாய் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் போர்வையைக் குறைத்துக்கொள்ளலாம், பாயைக் குறைக்கக் கூடாது.

இனி ஒத்திகை. வெள்ளிக்கிழமை இரவு ஹாலில் வெறும் தரையில் நுரைப்பாயை விரித்து, குளிர்சாதனத்தை 18 டிகிரியில் வைத்து, கொண்டுபோகப் போகும் துணிகளோடு மட்டும் படுங்கள். தலையணை கிடையாது, மாற்று உடுப்பைப் பைக்குள் திணித்ததுதான் தலையணை. எது குறைகிறது என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது காதுக்குல்லா. அவருக்குத் தெரிந்தது, தான் நள்ளிரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறார், வாசல் பக்கம் படுக்க வேண்டியவர் அவர்தான் என்பது.

பிறகு கூடாரம் வாங்கும் காலம் வந்தால் ஒரு எச்சரிக்கை. ‘இருவர் கூடாரம்’ என்று விற்பதன் அகலம் பெரும்பாலும் 130, 140 சென்டிமீட்டர்தான். ஐந்தடிக் கட்டிலைவிடக் குறுகல். அதில் இருவரோடு இரண்டு பைகளும் படுக்க வேண்டும். மூவர் கூடாரமாக வாங்குங்கள். மேலுறையின் நீர்தடுப்பு அளவு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பையில் எடை ஆளுக்குச் சரிபாதி என்று பிரிப்பது நியாயம் போலத் தெரியும், நியாயம் இல்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஆறில் ஒரு பங்கு என்பது நல்ல அளவு. 50 கிலோ உள்ளவருக்கும் 80 கிலோ உள்ளவருக்கும் ஒரே சுமை எப்படிப் பொருந்தும்? ஆனால் சில பொருள்களைப் பகிரக் கூடாது: நெற்றி விளக்கு, தண்ணீர், விசில், கொஞ்சம் பணம். இவை ஆளுக்கு ஒன்று. இருவரும் பிரிய மாட்டோம் என்ற நம்பிக்கையில் ஒரே விளக்கோடு போனவர்கள், ஒருவர் கழிப்பறைக்குப் போகும்போது மற்றவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

சாப்பாடு

இதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டுச்சோறு நம்முடைய பழைய கலை. சனிக்கிழமை காலைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி; மதியத்துக்குப் புளியோதரை. தயிர்சாதம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பாலை அதிகமாகவும் தயிரை ஒரு கரண்டியாகவும் விட்டுப் பிசையுங்கள், பயணத்தில் அதுவே உறைந்துகொள்ளும். நடக்கும்போது கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். சமைக்கும் ஆசையை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். ரயிலில் எரிவாயுக் குப்பி கொண்டுபோகவும் தடை இருக்கிறது.

தண்ணீர் நடையின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர். சுவாமிமலைக்கு ஏறி இறங்க ஆளுக்கு 2 லிட்டர் எடுத்துக்கொண்டால் மிச்சம் இருக்கும். மிச்சம் இருக்கத்தான் வேண்டும். நாங்கள் முதல் தடவை ஆளுக்கு அரைப் பாட்டில் தண்ணீரோடு கிளம்பியபோது மங்கலத்தில் ஒரு பெரியவர் தடுத்தார். ‘மேலே சொட்டுத் தண்ணீர் கிடையாது தம்பி. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இப்படியா போவீர்கள்?’ என்று அவரே எங்கள் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தார். வியர்வை அதிகம் கொட்டினால் வெறும் தண்ணீர் போதாது: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலை தட்டி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பைக் கூட்டிவிடாதீர்கள். எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

சனிக்கிழமை

ஜோலார்பேட்டையில் இறங்கி மலைப்பாதையைப் பிடித்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள்: வள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, ஓரி என்று போகும். வயிறு புரட்டுபவர்கள் பலகைகளைப் படிக்காமல் தொலைவில் பார்ப்பது நல்லது. எங்கள் முதல் பயணத்தில் நான் படித்துக்கொண்டே வந்தேன். பேகன் வளைவு வந்தபோது, மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்தவர் அல்லவா என்று யோசித்தேன். அப்போதுதான் எங்கள் கனமான போர்வை வீட்டுக் கட்டிலிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது.

நடை முதலில், கூடாரம் பிறகு. வழிகாட்டியோடு காலை ஏழரைக்குள் ஏறத் தொடங்கினால் பத்து மணிக்குள் உச்சி. விடியற்காலை இருட்டிலேயே கிளம்பிச் சூரிய உதயம் பார்க்கும் யோசனை வேண்டாம். இந்தப் பக்கத்து மலைகளில் கரடி உண்டு, அது நடமாடும் நேரம் அந்தியும் விடியலும்தான். வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாதீர்கள். பாறையில் தொங்கும் பெருந்தேனீக் கூட்டைக் கண்டால் பேச்சைக் குறைத்து அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். புகை, கல், கைப்பேசி வெளிச்சம் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

திரும்பும் நேரத்தைக் கீழேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். ‘பதினோரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்’ என்பது எங்கள் வீட்டு விதி. மேலே போன பிறகு பேசினால் அது பேச்சுவார்த்தை ஆகிவிடும். ‘இன்னும் பத்து நிமிடம்தான்’ என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. இன்னொரு விதி: ஒருவர் ‘போதும்’ என்றால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. கேள்விகளை இறங்கிய பிறகு, சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு மலையில், உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நான் திரும்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜோலார்பேட்டை வரும்வரை ஒன்றுமே சொல்லவில்லை. விதியை இன்னும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் போலிருக்கிறது.

கூடாரம் போடுவது மாலை நான்கு மணிக்குள் முடிய வேண்டும். மேடான, கல் பொறுக்கிய சமதரை. மரத்தடியில் வேண்டாம்: காய்ந்த கிளை விழும், மழை நின்ற பிறகும் சொட்டும். பள்ளத்தில் வேண்டாம்: குளிரும் தண்ணீரும் அங்கேதான் சேரும். இலேசான சரிவு இருந்தால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். உங்கள் மூச்சின் ஈரமே உள்துணியில் படிந்து விடியற்காலையில் மூக்கில் சொட்டும். கரி அடுப்பையோ எரியும் கொள்ளியையோ ஒருபோதும் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இரவு

வாசல் ஜிப் எப்போதும் மூடியே இருக்க வேண்டும், ஒரு நிமிடம் வெளியே போனாலும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைக் கடித்த செய்திகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, அதுதான் ஆபத்து. ஷூவை உள்ளே வையுங்கள், வெளியில் வைத்தால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். இருட்டில் ஒவ்வொரு அடியும் விளக்கின் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108ஐ அழைத்து, திருப்பத்தூர் அரசு மருத்துவமனை போன்ற விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு அங்கேயும் போய்ப் பாருங்கள். பாம்பை நேரில் பார்த்தவர்களுக்குப் பயம் குறைந்து கவனம் கூடும்.

படுக்கும் முன் நன்றாகச் சாப்பிடுங்கள். பசித்த உடம்புக்குச் சூடு பிறக்காது. நடந்து வியர்த்த துணியைக் கழற்றிக் காய்ந்த பனியனும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். உலோக பாட்டிலில் வெந்நீர் கேட்டு வாங்கி, காலுறை ஒன்றுக்குள் நுழைத்துக் காலடியில் வைத்தால் விடியும்வரை சொர்க்கம். இரவில் சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு படுக்க வேண்டாம். தூக்கமும் வராது, நேரமும் போகாது. கூட வருபவரை எழுப்புங்கள். குளிர்கிறது என்றாலும் எழுப்புங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நாட்கள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இரண்டு ஜிப் உறைகளும் பழைய செய்தித்தாளும் போதும். பயன்படுத்தியதை உறைக்குள் போட்டுப் பையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். தடத்தில் மலம் கழிக்க நேர்ந்தால் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணிட்டு மூடவேண்டும். ஈரத்துடைப்பான் மட்காது, அதுவும் பைக்குள்தான். இதற்கென்று ஒரு சிறிய தோட்டக் கொத்து வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை

அவசரம் வேண்டாம். வெயில் வந்து கூடாரத்தின் மேல் பனி உலரும்வரை உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். தசைகள் இறுகியிருக்கும், கால் வலிக்கு நல்ல மருந்து இன்னும் ஒரு அரைமணி நேரம் சும்மா நடப்பதுதான். ஏரிப் பக்கம் போய்வரலாம். மதிய உணவுக்குப் பின் கீழே இறங்கினால் மாலை ரயிலைப் பிடித்துவிடலாம். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள், ஞாயிறு மாலை சென்னை திரும்பும் ரயில்களில் நிற்கவும் இடம் இருக்காது.

பயணம் வீட்டு வாசலில் முடிவதில்லை. சொந்தக் கூடாரம் என்றால் அன்று இரவே மொட்டைமாடியில் விரித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் தையல்களில் ஈரம் நிற்கும். சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்து நாறும். நாங்கள் துணிக்கொடியில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, மேல்வீட்டு மாமி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தார். ‘வீட்டில் ஏதாவது விசேஷமா? பந்தல் போடுகிறீர்களா?’ என்றார். விளக்கிச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அங்கே போய்த் தரையிலா படுத்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். நுரைப்பாயைக் காட்டினேன். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துக்கொண்டு போனார்.